காயாத கொத்து

மூங்கில்துறைப்பட்டு
20.1.2025

அன்புள்ள நாயகிக்கு,

அண்ணி அமிர்தம் எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழி.

எங்கள் எல்லோர் நம்பரையும் உன் போனில் அடைத்து வைத்திருக்கிறாய். உன் அண்ணன் டீக்கடைக்காரர் போனை வாங்கிக்கூடப் போட்டுப் பார்த்தார். மலையில் டவர் இல்லை என்றே வந்தது. அதனால்தான் பத்தாவதோடு பேனாவை மூடி வைத்தவள் இன்றைக்குத் திறந்திருக்கிறேன். பிழை இருந்தால் டீச்சரம்மா திருத்திக்கொள்.

உன் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று காலையில் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த மாமா அப்படியே மாட்டின் மேல் சாய்ந்துவிட்டார். நல்ல வேளை, மாடு மிதிக்கவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. "ப்பா, ப்பா" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. பாப்பா என்று உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குப் படுகிறது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ வந்தா தாங்க மாட்டாரும்மா. பாக்க வேண்டியவங்கள வந்து பாத்துக்கச் சொல்லிடுங்க" என்றார்.

பார்க்க வேண்டியவள் நீ ஒருத்திதான்.

வெள்ளிமலையிலிருந்து இங்கே வர இரண்டு பஸ். காலையில் ஏறினால் மதியச் சோற்றுக்கு வந்துவிடலாம். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காது என்று தெரியும். நீ வருகிற நாளைச் சொல். மகளைக் கூட்டிக்கொண்டு களமருதூருக்கு என் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன். நீ போன பிறகு திரும்பி வருகிறேன்.

வந்துவிடு.

அமிர்தம்


வெள்ளிமலை
26.1.2025

அண்ணிக்கு,

கடிதம் வியாழக்கிழமை வந்தது. உடனே பையை எடுத்து வைத்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல எழுதியிருக்கிறீர்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

களத்தில் அப்பா மாட்டு வண்டி நிறுத்துகிற புங்க மரத்தில், ஒரே ஒரு கிளையை வரைந்தேன். நான்கடிக்கு மூன்றடி கேன்வாஸ், தைல வண்ணம். புங்கம்பூ நெல்பொரி அளவுதான் இருக்கும். ஒவ்வொரு பூவாக வரைந்தால் பொரியைக் கொட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் கொத்து முழுவதையும் முதலில் ஊதாவும் பழுப்புமாக ஒரே இருட்டாகப் போட வேண்டும். அது காய்ந்ததும் மேலே மங்கிய ரோஜா நிறம். கடைசியில்தான் வெள்ளையைக் கெட்டியாக எடுத்து அங்கங்கே ஒரு தொடுகை. பத்துப் பூவைச் சரியாக வைத்துவிட்டால் பார்க்கிறவர் கண் மீதி ஆயிரத்தைத் தானே பூக்க வைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது. எத்தனை கிளையைச் சுரண்டி எறிந்தேன் என்று நீங்களே பார்த்தீர்கள்.

இருட்டைப் போட்டு முடித்திருந்தபோது ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோனது. அதில்லாமல் வண்ணம் குழையாது. கரும்பு வெட்டு நேரம், புதுச்சேரிக்குப் போய் வாங்கிவர ஆள் இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. அண்ணன் விழுப்புரம் போனபோது வாங்கிவந்து ஊற்றியிருக்கிறார் என்று நம்பி, அதிலேயே மீதியை முடித்தேன்.

அந்தப் படம் காயவே இல்லை. மழைக்கால ஈரம் என்று நினைத்து, புதுச்சேரிக் கண்காட்சிக்குக் கடைசித் தேதி வந்துவிட்டதே என்று செய்தித்தாளைச் சுற்றி எடுத்துப்போனேன். கண்காட்சி மண்டபத்தில் பத்துப் பேர் முன்னால் பிரித்தேன். தாள் பூவோடு ஒட்டி வந்தது. மிச்சமிருந்த வெள்ளைமேல் நிலம் விற்பனைக்கு என்ற விளம்பரம் தலைகீழாகப் பதிந்திருந்தது. தேர்வு செய்ய வந்தவர் விரலால் தொட்டுப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அண்ணன், "நான் எங்கம்மா வாங்கியாந்தேன்?" என்றார். அப்போதுதான் தட்டில் கற்பூரம் ஏற்றினேன். செய்யாதவர்கள் அணைத்துச் சத்தியம் பண்ணுங்கள் என்றேன். அண்ணன் அணைத்தார். மறுபடி ஏற்றி உங்கள் முன்னால் நீட்டினேன். நீங்கள் அணைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனீர்கள். டர்பன்டைன் நாறுகிறது, வண்ணம் நாறுகிறது என்று வருடம் முழுக்கச் சண்டை போட்டவரும் நீங்கள்தான்.

அண்ணி ஒத்துக்கொள்ளும் வரை இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று அப்பா முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் களமருதூர் போக வேண்டாம். செய்தேன் என்று எழுதுங்கள். எதை ஊற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். மறுநாளே வருகிறேன்.

பெரியநாயகி


மூங்கில்துறைப்பட்டு
31.1.2025

அன்புள்ள நாயகிக்கு,

பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தவள் ஏறி உட்கார்ந்திருக்கக் கூடாதா?

மாமாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கஞ்சி இறங்குகிறது. ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். சவரம் பண்ண உன் அண்ணன் உட்கார்ந்தார், கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறி வைத்துவிட்டார். கரும்பு வெட்டுகிற கை அல்லவா. இப்போது நானே பண்ணிவிடுகிறேன். மீசையை எடுக்கட்டுமா என்று கத்தியைக் காட்டினால் இடது கையால் என் கையைத் தட்டிவிடுகிறார். அந்த வீறாப்பு மட்டும் போகவில்லை. உனக்கும் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது.

வாசலில் பஸ் சத்தம் கேட்டால் கண் அங்கே போகிறது. கரும்பு லாரி என்று தெரிந்ததும் மூடிக்கொள்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகிறது என்று உனக்குத் தெரியும். ஆலை ஓடுகிற காலம் இது.

நீ கேட்டதைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம். அது எங்கே போகிறது, வந்து பார்த்துவிட்டு அப்புறம் சண்டை போடு. எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். முதலில் வா, கண்ணு.

அமிர்தம்


வெள்ளிமலை
5.2.2025

அண்ணிக்கு,

நான் கேட்டது இரண்டு வரி. நீங்கள் இரண்டு பக்கம் எழுதி அந்த இரண்டு வரியை விட்டுவிட்டீர்கள்.

மூன்று வருடமாக நான் தூரிகை தொடவில்லை. இங்கே கடுக்காய் மரம் பூத்துக் கொட்டுகிறது, பார்க்காமல் நடக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு மெழுகு வர்ணத்தில் மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். என் கையில் இருந்தது இவ்வளவுதான் போலிருக்கிறது என்று என்னையே நான் நம்ப வைத்துக்கொண்டு வாழ்கிறேன். யார் செய்தது, எதற்காக என்று தெரிந்தாலாவது தப்பு என்னுடையது இல்லை என்று நிம்மதியாகத் தூங்குவேன். இதுகூட உங்களால் தர முடியாதா?

அப்பாவுக்குக் கஞ்சியில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். டாக்டர் வேண்டாம் என்றிருப்பார். ஒரு கல்லாவது போடுங்கள்.

நாயகி


மூங்கில்துறைப்பட்டு
10.2.2025

நாயகிக்கு,

செய்தது நான்தான்.

உன் எண்ணெய்ப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஸ்டவ்வுக்கு வைத்திருந்தது. போதுமா? எழுதிவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அதையும் எழுதுகிறேன். நீ வரைகிற நேரத்தில் இந்த வீட்டில் ஒரு பாத்திரம் சத்தம் போடக்கூடாது. நான் சட்டியைத் தேய்த்தால் மாமா, "மெதுவாம்மா, பாப்பா வேல செஞ்சிக்கினு இருக்குது" என்பார். நான் செய்துகொண்டிருந்தது என்ன, விளையாட்டா? மகளுக்கு இளைப்பு. அந்த டர்பன்டைன் நெடியில் அவள் இருமுகிற இருமல் உன் காதில் விழவே இல்லை. ஊரே வந்து உன் கிளையைப் பார்த்து வாயைப் பிளந்தது. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டது யார் என்று எவரும் கேட்கவில்லை. வயிறு எரிந்தது. ஊற்றினேன்.

உன் அண்ணனுக்கு இது தெரியாது. உனக்குக் கோடி புண்ணியம், மாமாவிடம் மட்டும் இதைச் சொல்லாதே. உன்னைப் பார்த்த சந்தோஷத்தோடு இருக்கட்டும்.

ஒத்துக்கொண்டேன். நேற்றிலிருந்து கஞ்சி சரியாக இறங்கவில்லை. உடனே வா.

அமிர்தம்


வெள்ளிமலை
6.4.2025

அண்ணிக்கு,

அப்பா போய் நாற்பத்தேழு நாள் ஆகிறது. கருமாதிக்கு வந்திருந்தபோதும் உங்களிடம் பேசாமல்தான் திரும்பினேன். ஒத்துக்கொண்டதால் வந்தேன், மன்னித்ததால் அல்ல என்று காட்ட வேண்டியிருந்தது. நீங்கள் தோளைத் தொட்டபோது தட்டிவிட்டேன். பந்தலில் எல்லோரும் பார்த்தார்கள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

இங்கே திரும்பி வந்த மறுவாரம் பரண்மேல் சுற்றி வைத்திருந்த அந்தப் படத்தை இறக்கினேன். யார் என்று தெரிந்துவிட்டது, இனி எரித்துவிடலாம் என்றுதான் இறக்கினேன். பிரித்துத் தொட்டுப் பார்த்தேன். விரலில் வெள்ளை ஒட்டியது. மூன்று வருடம் ஆகியும் மேல் பூச்சு காயவில்லை. அடியில் போட்ட இருட்டு மட்டும் கல்லாக இருக்கிறது.

மண்ணெண்ணெய் என்றால் காய்ந்திருக்கும், அண்ணி. அது காற்றோடு போய்விடும். வண்ணம் பொலிவிழந்து சுண்ணாம்பு மாதிரி ஆகுமே தவிர, ஈரமாக நிற்காது. அதோடு, அன்று நான் ஊற்றிய எண்ணெய் கெட்டியாக இருந்தது. மண்ணெண்ணெய் தண்ணீராக ஓடும், நெடி மூக்கைத் துளைக்கும். உங்கள் கடிதத்தைப் படித்த நிமிடமே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்கு வேண்டியது உங்கள் கையெழுத்தில் ஒரு ஒப்புதல், அவ்வளவுதான்.

இருந்தும் சோதித்துப் பார்த்தேன். ஐந்து அட்டைத் துண்டு எடுத்தேன். ஐந்திலும் ஒரே மாதிரி சின்னக் கொத்து வரைந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணெய். ஆளிவிதை, மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய். மூன்று வருடம் கழித்துத் தூரிகை எடுத்தது இதற்குத்தான். மண்ணெண்ணெய் நான்கே நாளில் காய்ந்தது. ஆளிவிதை பத்து நாள். மற்ற மூன்றும் இன்னும் காயவில்லை. அதில் விளக்கெண்ணெய்க் கொத்து மட்டும் பெரிய படத்தைப் போலவே பளபளக்கிறது, அதே மாதிரி நூலாக இழுக்கிறது. படத்தில் மூக்கை வைத்து முகர்ந்தேன். வண்டி அச்சு வாசனை.

அண்ணன் கற்பூரம் அணைத்தார். நீங்கள் எழுதியது பொய். மீதி யார் என்று என் கை எழுத மறுக்கிறது. நீங்களே சொல்லிவிடுங்கள்.

நாயகி


மூங்கில்துறைப்பட்டு
11.4.2025

அன்புள்ள நாயகிக்கு,

உனக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

எண்ணெய் தீர்ந்துபோய் நீ மூன்று நாள் சாப்பாட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாய் அல்லவா, அந்த நாளில்தான். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாமா வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "பாப்பா மூஞ்சி வாடிக்கினு கெடந்துச்சும்மா. வண்டிக்கு வெச்சிருந்த கொட்டமுத்து எண்ணெய ரொப்பி வெச்சுட்டேன். நம்ம வரப்புல வெளஞ்சது, கடையில வாங்கறதவிட சுத்தம். நீ சொல்லாத, அவங்கண்ணன் வாங்கியாந்தான்னு நெனச்சிக்கட்டும்" என்றார். எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று நானும்தான் நினைத்தேன். விளக்கெண்ணெய் காயாது, ஆளிவிதை காயும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? உன் படத்துக்கு எண்ணெய் கொடுத்துவிட்டேன் என்று அந்த வாரம் முழுக்க மாட்டிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ புதுச்சேரியிலிருந்து வந்து கத்தியபோதுதான் அவருக்கு விளங்கியது. கற்பூரத் தட்டை நீ எடுத்து வந்தாய். உன் அண்ணன் அணைத்தார். அடுத்து நான். நானும் அணைத்துவிட்டால் மீதி இருந்தது மாமா ஒருவர்தான். நீ தட்டை அவரிடம் நீட்டியிருப்பாய். மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கியதை நான் பார்த்தேன். அதனால்தான் உள்ளே போனேன். நீ என்மேல் பாய்ந்தாய். பரவாயில்லை, நாத்தனார் சண்டைதானே, ஊரில் நடக்காததா என்று நினைத்தேன்.

இதில் என் தப்பும் இருக்கிறது. அன்று சாயந்திரமே மாமா என்னிடம் வந்தார். "நான் போயி சொல்லிடறேம்மா, உன்னப் போட்டுப் பேசறது எனக்குப் பாக்க முடியல" என்றார். நான்தான் தடுத்தேன். "இப்பப் போனா உங்களப் புடிச்சிக்கும் மாமா. கோவம் ஆறட்டும், நானே சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் என்று கணக்குப் போட்டேன். நீ அதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு மலை ஏறிவிட்டாய். அப்புறம் அவர் கேட்கும்போதெல்லாம், அவளே ஒரு நாள் வருவாள் மாமா என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனேன். அவருக்குப் பேச்சு இருந்தபோது பேச விடாதவள் நான்.

படுக்கையில் விழுந்த பிறகு உன்னைப் பார்க்காமல் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு. நீயோ ஒத்துக்கொள் என்று பிடிவாதமாக நின்றாய். மண்ணெண்ணெய் என்று எழுதினேன். விளக்கெண்ணெய் என்று எழுதினால், நம் வீட்டில் அதைத் தொடுகிற கை யாருடையது என்று உனக்குத் தெரிந்துவிடுமே. ஆனால் வயிறு எரிந்தது என்று எழுதினேனே, டர்பன்டைன், டீ, இருமல், அதெல்லாம் பொய் இல்லை. சந்தர்ப்பம் கிடைத்தது, எழுதிவிட்டேன். அதற்காக உன் படத்தைக் கெடுக்கிறவள் இல்லை நான்.

நீ வந்து பார்த்துவிட்டாய். அவர் கண் நிறைந்து போனார். அது போதும் என்று இரு.

அமிர்தம்


வெள்ளிமலை
17.4.2025

அன்புள்ள அண்ணி,

அது போதும் என்று இருக்க முடியாது. உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனீர்கள். அப்பாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். நான் சொன்னேன். மூன்று வருடமாக அவர் முன்னால் தோற்றவளாக நின்றேன், ஜெயித்துவிட்டேன் என்று காட்டாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் கண் முன்னால் பிடித்தேன். "அண்ணி ஒத்துக்கினாங்கப்பா. எழுதியே குடுத்துட்டாங்க" என்றேன்.

அப்பா அழுதார். "ப்பா, ப்பா" என்றார். இடது கையைத் தூக்கித் தன் மாரில் அடித்தார். ஒரு தடவை அல்ல, பல தடவை. மருமகள் இப்படிச் செய்துவிட்டாளே என்று வேதனைப்படுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்குக் குளிர்ந்தது, அண்ணி. அவர் என் பக்கம் என்று குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சியில் ஒரு வார்த்தை சொன்னேன். "இதச் செஞ்சவங்க சாகக் கெடந்தாலும் என் கையால ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டேன்பா. உன் மேல சத்தியம்" என்றேன்.

அப்பா அடிப்பதை நிறுத்திவிட்டார். என்னையே பார்த்தார். நான் ஸ்பூனில் கஞ்சி எடுத்து வாயருகே கொண்டுபோனேன். உதட்டை மூடிக்கொண்டார். "குடிப்பா" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று தடவை முயன்றேன். முழுங்க முடியவில்லை போலிருக்கிறது என்று கிண்ணத்தை வைத்துவிட்டேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். "இன்னா மாமா, பொண்ணு குடுத்தா எறங்கலியா?" என்று கேட்டு அதே கிண்ணத்திலிருந்து கொடுத்தீர்கள். நான்கு ஸ்பூன் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அண்ணி கை பழகிய கை, அதனால் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் என்று பஸ் ஏறிவிட்டேன். செவ்வாய்க்கிழமை சாவுச் செய்தியோடு ஆள் வந்தார்.

நான் போட்ட சத்தியத்தை அவர் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். செய்தவர் என் கையால் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நான் போட்ட வாய்க்கரிசி மட்டும்தான் என் கையிலிருந்து அவர் வாய்க்குள் போனது. அதைத் தடுக்க அப்போது அவரிடம் உயிர் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு நான் எப்படி இருப்பது?

நாயகி


மூங்கில்துறைப்பட்டு
22.4.2025

அன்புள்ள நாயகிக்கு,

நீ தப்பாகப் பார்த்திருக்கிறாய்.

அன்றைக்கு மாமா என் கையாலும் குடிக்கவில்லை. நான் கொடுத்த நான்கு ஸ்பூனும் கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. நீ மனசு கஷ்டப்படுவாயே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். உனக்குத் தெரியவில்லை. தொண்டை ஏறி இறங்கியது என்கிறாயே, அது இருமல். முந்தின நாளிலிருந்தே எதுவும் இறங்கவில்லை. தொண்டை அடைத்துப் போயிருந்தது. டாக்டரும் அதைத்தான் சொன்னார், உன் அண்ணனைக் கேட்டுப் பார். வேண்டாம், அவரைக் கேட்காதே, அவர் அப்போது வயலில் இருந்தார். நான் சொல்வதைக் கேள்.

நீ பேசியது எதுவும் அவர் காதில் ஏறியிருக்காது. அந்த இரண்டு மூன்று நாளாகவே நினைவு தப்பித் தப்பித்தான் வந்தது. மாரில் அடித்துக்கொண்டது வலியில். முகத்தைத் திருப்பியது வெளிச்சம் கூசியதால். அந்த நேரத்தில் ஜன்னல் வெயில் நேரே அவர் கண்ணில் விழும். படுத்திருந்தவரைப் பார்த்துக்கொண்டவள் நான், எனக்குத் தெரியாதா? ஒரு நாள் வந்து போனவள் நீ.

ஞாயிற்றுக்கிழமை வா. அண்ணன் பஸ் நிறுத்தத்தில் நிற்பார். அழுவதென்றால் இங்கே வந்து அழு.

நான் முன்னே ஒரு தடவை உனக்குப் பொய் எழுதினேன் என்பதை வைத்து, இதையும் அப்படி நினைத்துவிடாதே. இது உண்மை. என்னை நம்பு, கண்ணு. நம்பிவிடு.

அமிர்தம்